‘அலேஜ்’ முதல் ‘டேக் ஆர் பே’ வரை... ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் புழங்கும் கேஸ் பாஷை, நம்ம பாஷையில்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் போகிறவர்கள் சாலையோரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ‘இங்கே தோண்டாதீர்கள், கீழே கேஸ் பைப்லைன்’ என்று எச்சரிக்கும் மஞ்சள் கம்பங்கள், நீளமான சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு போகும் லாரிகள், சி.என்.ஜி பங்கில் வரிசை கட்டும் ஆட்டோக்கள், தொழிலாளர்கள் தங்கும் அறைகளின் மூலையில் குட்டி சிலிண்டர்கள்... எல்லாமே ஒரே தொழிலின் வெவ்வேறு முகங்கள்தான். ஆனால், அந்தத் தொழில் பேசும் பாஷை நமக்குப் புரிவதில்லை. எம்.எம்.பி.டி.யூ, எஸ்.சி.எம், டேர் வெயிட், ஆர்.ஓ.யூ என்று எல்லாம் எழுத்துக்கூட்டமாகவே இருக்கிறது.

‘நமக்கெதுக்கு அதெல்லாம்?’ என்று கடந்துவிட முடியாது. இந்தச் சொற்களில் சில உங்கள் மாத பில்லைத் தீர்மானிக்கின்றன. சில, நீங்கள் வாங்கப்போகும் மனையில் வீடு கட்ட முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஓரிரு சொற்கள் உயிரையே காப்பாற்றக்கூடியவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாலு ‘ஜி’க்கும் என்ன வித்தியாசம்?

சமையலறை சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. புரொபேன், பியூட்டேன் என்ற இரு வாயுக்களின் கலவை. லேசாக அழுத்தினாலே திரவமாகிவிடும். அதனால்தான் சிலிண்டரைக் குலுக்கும்போது உள்ளே தண்ணீர் மாதிரி அலசுகிறது.

மற்ற மூன்றும் ஒரே பொருள்தான். இயற்கை எரிவாயு, அதாவது பெரும்பாலும் மீத்தேன். அது பயணம் செய்யும் விதத்தைப் பொறுத்து பெயர் மாறுகிறது. மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்துத் திரவமாக்கினால் எல்.என்.ஜி. அப்படிச் செய்யும்போது அதன் கன அளவு சுமார் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கப்பலில் ஏற்றிவர வசதி. அதையே வாயுவாக சுமார் 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைத்தால் சி.என்.ஜி. குழாய் வழியாக வீட்டு அடுப்புக்கு வந்தால் பி.என்.ஜி.

இந்தப் பகுதிக்கான கேஸ் பெரும்பாலும் கடல் வழியாக வருகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் கட்டிய எல்.என்.ஜி முனையம் 2019 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது. கப்பலில் திரவமாக வந்து இறங்குவதை அங்கே சூடாக்கி மறுபடி வாயுவாக்குகிறார்கள். இப்படி மீண்டும் வாயுவானதற்குத் தொழில் வட்டாரத்தில் ‘ஆர்-எல்.என்.ஜி’ என்று பெயர். எண்ணூர் – செங்கல்பட்டு இடையிலான 115 கிலோமீட்டர் குழாய்ப் பாதையும், திருவள்ளூர் – பெங்களூரு இடையிலான 271 கிலோமீட்டர் பாதையும் 2022 மே மாதம் அர்ப்பணிக்கப்பட்டன.

மேலே போகுமா, கீழே தங்குமா?

வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையோடு பரவும். மேடைக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், சாக்கடைக் குழியில் போய்த் தேங்கும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே ஏறி, கூரைக்கு அடியில் சேரும்.

சிலிண்டர் வைத்திருக்கும் வீட்டில் மேலே இருக்கும் வென்டிலேட்டர் மட்டும் போதாது. தரைமட்டத்திலும் காற்று வெளியேற வழி வேண்டும். பி.என்.ஜி வீட்டில் மேல் பக்கத் திறப்பை அடைக்கவே கூடாது. கேஸ் கசிவைக் காட்டும் கருவி வாங்கினால், எல்.பி.ஜி-க்குத் தரைக்கு அருகிலும், பி.என்.ஜி-க்குக் கூரைக்கு அருகிலும் மாட்ட வேண்டும். இடம் மாறினால் கருவி இருந்தும் பயனில்லை.

கூடவே ‘எல்.இ.எல்’ என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் சொன்னால், வெடிப்பதற்கான குறைந்தபட்ச அளவு. அறைக் காற்றில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு எல்.பி.ஜி கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். மீத்தேனுக்கு இது சுமார் 5 பங்கு. அந்தத் தீப்பொறி லைட் ஸ்விட்சிலிருந்தும் வரலாம். போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் பொறி வரும். அதனால்தான் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதே என்கிறார்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். எல்.பி.ஜி கசிவுக்கு 24 மணி நேரமும் 1906. பி.என்.ஜி என்றால் கேஸ் நிறுவனத்தின் அவசர எண் பில்லிலேயே இருக்கும். அதை இன்றே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு கூடுதல் தகவல்: அந்த வாடை கேஸின் சொந்த வாடை இல்லை. கேஸுக்கு வாசனையே கிடையாது. கசிவு தெரியட்டும் என்று ‘மெர்காப்டன்’ என்ற ரசாயனத்தைத் துளியூண்டு கலக்கிறார்கள்.

சிலிண்டரின் கழுத்தில் இருக்கும் ஜாதகம்

சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். பலர் நினைப்பதுபோல இது கேஸின் காலாவதி தேதி இல்லை. சிலிண்டர் என்ற இரும்புக் கலனை அடுத்து எப்போது பரிசோதிக்க வேண்டும் என்ற குறிப்பு. ‘ஏ’ என்றால் மார்ச் வரை, ‘பி’ ஜூன் வரை, ‘சி’ செப்டம்பர் வரை, ‘டி’ டிசம்பர் வரை. ‘சி 28’ என்றிருந்தால் 2028 செப்டம்பருக்குள் பரிசோதனை. அந்தக் கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காதீர்கள். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அதே இடத்தில் இருக்கும் இன்னொரு எண் ‘டேர் வெயிட்’, அதாவது காலி சிலிண்டரின் எடை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இது மாறும். 15.6 கிலோ என்றிருந்தால், அதோடு 14.2 கிலோ கேஸைக் கூட்டி, மொத்தம் 29.8 கிலோ இருக்க வேண்டும். டெலிவரி ஊழியரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. சண்டை போடத் தேவையில்லை, கேட்டாலே போதும்.

அடுத்து, அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சொல். ‘அலேஜ்’. கலனுக்குள் வேண்டுமென்றே காலியாக விடப்படும் இடம். சிலிண்டரில் திரவத்தை முழுக்க நிரப்ப மாட்டார்கள். 80 – 85 சதவிகிதம்தான். சூடு ஏறினால் திரவம் விரியும், அது விரிவதற்கு இடம் வேண்டும். பெரிய சிலிண்டரிலிருந்து குட்டி சிலிண்டருக்குத் திருட்டுத்தனமாக மாற்றி நிரப்பும்போது இந்த இடத்தை யார் அளந்து விடுகிறார்கள்? யாரும் இல்லை. விளிம்பு வரை நிரம்பிய குட்டி சிலிண்டரை வெயில் படும் மாடி அறையில் வைத்தால், உள்ளே அழுத்தம் கடுமையாக ஏறும். தரமற்ற வால்வும் சேர்ந்துகொண்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியூரிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்து நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்குபவர்கள் நிறைந்த வட்டாரம் இது. முகவரிச் சான்று இல்லாததால் கேஸ் இணைப்பு கிடைக்காது என்று நினைத்து, கிடைத்த சிலிண்டரைக் கிடைத்த இடத்தில் நிரப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ‘எஃப்.டி.எல்’. ‘ஃப்ரீ ட்ரேட் எல்.பி.ஜி’ என்பதன் சுருக்கம். ‘ஃப்ரீ’ என்றால் இலவசம் அல்ல, தடையற்ற விற்பனை. எண்ணெய் நிறுவனங்களே விற்கும் 5 கிலோ சிலிண்டர். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் இதற்கு ‘சோட்டு’ என்று பெயர் வைத்தது. முகவரிச் சான்று வேண்டாம், ஓர் அடையாள அட்டை போதும். கேஸ் ஏஜென்சிகளிலும் குறிப்பிட்ட சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். மானியம் இல்லாத விலைதான். ஆனால் அளந்து நிரப்பப்பட்ட, பரிசோதிக்கப்பட்ட கலன்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கவைப்பது. நிமிர்ந்து நின்றால் மேலே இருக்கும் வாயு மட்டும்தான் வெளியே வரும். படுக்கவைத்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரியும். அடுப்பில் எரிவது சின்ன ஜுவாலையாக இருக்காது.

‘எம்’ என்றால் மில்லியன் இல்லை!

இனி பில்லுக்கு வருவோம். பி.என்.ஜி மீட்டர் காட்டுவது கிலோ அல்ல, கன மீட்டர். பில்லில் ‘எஸ்.சி.எம்’ என்று இருக்கும். ஸ்டாண்டர்டு க்யூபிக் மீட்டர். வாயு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பதால், 15 டிகிரி வெப்பநிலை, சாதாரண காற்றழுத்தம் என்ற ஒரே நிலைக்கு மாற்றிக் கணக்கிடும் அளவு இது.

‘சிலிண்டர் லாபமா, குழாய் லாபமா?’ என்ற கேள்விக்கு எளிய கணக்கு உண்டு. 14.2 கிலோ சிலிண்டர் தரும் வெப்பத்தைப் பெற, தோராயமாக 17 முதல் 18 எஸ்.சி.எம் இயற்கை எரிவாயு வேண்டும். உங்கள் பகுதியில் ஓர் எஸ்.சி.எம் விலையை 18-ஆல் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். பில்லில் தனியாக வரும் நிலையான கட்டணத்தையும் வரியையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள்.

பி.என்.ஜி-க்கு மாறும்போது அடுப்பின் நாசிலை, அதாவது கேஸ் வரும் துளையை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரே அளவு கன மீட்டரில் எல்.பி.ஜி-யைவிட இயற்கை எரிவாயு தரும் வெப்பம் பாதிக்கும் குறைவு. அதனால் துளை பெரிதாக வேண்டும். அதை நிறுவனத்தின் டெக்னீஷியன்தான் செய்ய வேண்டும். மறுபடி சிலிண்டருக்குத் திரும்பினால், பெரிய துளையோடு எல்.பி.ஜி-யை எரிப்பது ஆபத்து. பழைய நாசிலுக்கு மாற்றிய பிறகே பற்றவையுங்கள்.

தொழிற்சாலைகள் வாங்குவது வீட்டு அளவில் அல்ல. அங்கே புழங்கும் சொல் ‘எம்.எம்.பி.டி.யூ’. ‘பி.டி.யூ’ என்பது ஒரு பவுண்டு தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்றத் தேவையான சூடு. ஒரு தீக்குச்சி முழுதாக எரிந்தால் கிடைக்கும் அளவு. முன்னால் இருக்கும் ‘எம்’ ரோமன் எண்களில் ஆயிரம். ‘எம்.எம்’ என்றால் ஆயிரம் ஆயிரம், அதாவது பத்து லட்சம். ஆக, ஒரு எம்.எம்.பி.டி.யூ என்பது பத்து லட்சம் தீக்குச்சி. எண்ணூர் முனையத்தின் திறனை ‘5 எம்.எம்.டி.பி.ஏ’ என்று எழுதுவதும் இதே கணக்கில்தான்: ஆண்டுக்கு 5 மில்லியன் டன்.

அம்மா பங்க், மகள் பங்க்

சி.என்.ஜி-யில் ஆட்டோ ஓட்டுபவர்களின் புலம்பல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ‘ஒரு பங்கில் போட்டால் நிறைகிறது, இன்னொன்றில் போட்டால் பாதியோடு நின்றுவிடுகிறது.’ இதற்கு விடை இரண்டு சொற்களில் இருக்கிறது. குழாயிலிருந்து நேரடியாக கேஸ் எடுத்து அழுத்தி, மற்ற பங்குகளுக்கும் அனுப்பும் இடம் ‘மதர் ஸ்டேஷன்’. குழாய் இணைப்பு இல்லாமல், அங்கிருந்து லாரியில் வரும் கேஸை விற்பது ‘டாட்டர் ஸ்டேஷன்’. நீள சிலிண்டர்களை அடுக்கிய அந்த லாரி அமைப்புக்குப் பெயர் ‘கேஸ்கேட்’. லாரியில் கேஸ் குறையக் குறைய அழுத்தமும் இறங்கும். அழுத்தம் இறங்கினால் உங்கள் வண்டியில் ஏறும் கிலோவும் குறையும். காசு கிலோவுக்குத்தான் என்பதால் நஷ்டம் பணத்தில் இல்லை. அடிக்கடி வரிசையில் நிற்கும் நேரத்தில்தான்.

கார் வாங்கும்போது ‘60 லிட்டர் டேங்க்’ என்பார்கள். அது ‘வாட்டர் கெபாசிட்டி’, அதாவது தண்ணீர் ஊற்றினால் பிடிக்கும் அளவு. அதில் ஏறும் சி.என்.ஜி சுமார் 9 கிலோதான். மைலேஜைக் கிலோவில் கணக்கிடுங்கள். சி.என்.ஜி சிலிண்டரை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் விதி. பழைய வண்டி வாங்குபவர்கள் அந்தத் தேதியை முதலில் பாருங்கள்.

மனை வாங்குகிறீர்களா? ‘ஆர்.ஓ.யூ’ கேளுங்கள்

தொழிற்சாலைகள் வந்த இடத்தில் பிளாட்டுகளும் வருகின்றன. இந்தப் பக்கம் மனை பார்ப்பவர்கள் பட்டா, வில்லங்கம் எல்லாம் கேட்கிறார்கள், ‘ஆர்.ஓ.யூ’ கேட்பவர்கள் குறைவு. ‘ரைட் ஆஃப் யூசர்’, அதாவது பயன்பாட்டு உரிமை. பெட்ரோலியம், கனிமக் குழாய்களுக்கான 1962-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் இருக்கும் ஏற்பாடு இது. நிலத்தை அரசு கையகப்படுத்துவதில்லை, சொந்தக்காரரிடமே இருக்கும். ஆனால், அடியில் குழாய் பதிக்கும் உரிமை எடுத்துக்கொள்ளப்படும். அந்தப் பட்டையில் பயிர் செய்யலாம். கட்டடம் கட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவிகிதம். பயிர்ச் சேதத்துக்குத் தனி.

கொங்கு மண்டல விவசாயிகள் 2013-ல் கெயில் குழாய்த் திட்டத்தை எதிர்த்துப் போராடியது இதனால்தான். ‘நிலம் உங்களுடையதுதானே’ என்ற பதில் அவர்களுக்குப் போதுமானதாக இல்லை. மரம் வைக்க முடியாத தென்னந்தோப்பு என்ன தோப்பு? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 பிப்ரவரியில் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக வந்தது.

மனை வாங்குபவருக்கு இதில் இருக்கும் பாடம்: உரிமையாளர் மாறாததால், பட்டா விற்பவர் பெயரிலேயே சுத்தமாக இருக்கும். அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இடத்தை நேரில் சுற்றிப் பாருங்கள். அருகில் குழாய் எச்சரிக்கைக் கம்பம் இருந்தால், அதில் இருக்கும் நிறுவனத்திடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சர்வே எண்ணைச் சொல்லி விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், போர்வெல்லுக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ ஜே.சி.பி-யை இறக்கும் முன் கம்பத்தில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள்.

எங்கோ போர், இங்கே விலை ஏன்?

கண்ணாடி உலையோ, கார் கம்பெனியின் பெயின்ட் உலர்த்தும் அடுப்போ, நினைத்த நேரத்தில் அணைத்து ஏற்றக்கூடியவை அல்ல. அதனால் கேஸுக்கு நீண்ட கால ஒப்பந்தம் போடுவது தொழில் வழக்கம். அதில் அடிக்கடி வரும் சொல் ‘டேக் ஆர் பே’. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவுக்குப் பணம் கட்டியாக வேண்டும். மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டு, ஊருக்குப் போன நாளுக்கும் சேர்த்துக் கொடுப்பது மாதிரி. உற்பத்தி குறைந்த மாதத்திலும் இந்தச் செலவு குறையாது.

இன்னொரு சொல் ‘ஸ்லோப்’. பல எல்.என்.ஜி ஒப்பந்தங்களில் விலை, பிரென்ட் கச்சா எண்ணெயின் ஒரு சதவிகிதமாக இருக்கும். உதாரணத்துக்கு ஸ்லோப் 12 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். பிரென்ட் ஒரு பேரல் 80 டாலர் என்றால், கேஸ் ஒரு எம்.எம்.பி.டி.யூ 9.60 டாலர். பேரல் 100 டாலர் ஆனால், கேஸ் 12 டாலர். ‘பேரல்’ என்பது சுமார் 159 லிட்டர். வளைகுடாவில் பதற்றம் வந்தால் ஒரகடத்தில் உற்பத்திச் செலவு ஏன் ஏறுகிறது என்பதற்கு இந்த ஒரு பெருக்கல் கணக்கு பதில் சொல்லிவிடும்.

டீக்கடை அண்ணனின் 19 கிலோ சிலிண்டர் விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் மாறுவதற்கும் காரணம் உண்டு. சவுதி அராம்கோ நிறுவனம் புரொபேன், பியூட்டேனுக்கு மாதா மாதம் விலை அறிவிக்கிறது. ‘சவுதி சி.பி’ என்பது அதன் பெயர். நம் ஊர் எல்.பி.ஜி விலைக் கணக்கு அதை ஒட்டித்தான் நகர்கிறது.

ஒரு சொல்லுக்குள் எத்தனை திட்டம்!

தொழில் வட்டாரச் சொல்லைப் புரிந்துகொள்வது பில்லோடு முடிகிற விஷயம் அல்ல என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியது டெல்டா. 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் மக்கள் போராட்டம் தொடங்கியபோது, ‘ஹைட்ரோகார்பன்’ என்ற சொல் வீட்டுக்கு வீடு புகுந்தது. வேதியியலில் அதற்கு ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த பொருள் என்று மட்டும்தான் அர்த்தம். கச்சா எண்ணெயும் அதுதான், மீத்தேனும் அதுதான். 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆய்வு, உரிமக் கொள்கை எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாவற்றையும் ஒரே உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. ஏற்கெனவே மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்த விவசாயிகள், ‘இந்த ஒரு சொல்லுக்குள் எதெல்லாம் அடங்கும்?’ என்று கேட்டது நியாயமான கேள்வி. 2020-ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றி, அந்தப் பகுதியில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்தது.

கேள்வி கேட்டவர்கள் பெட்ரோலியம் படித்தவர்கள் அல்ல. தங்கள் நிலத்தைப் பற்றிய காகிதத்தில் இருந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டவர்கள், அவ்வளவுதான்.

இன்றே செய்ய வேண்டியவை

* சமையலறையில் இருக்கும் சிலிண்டரின் பரிசோதனைக் குறியீட்டைப் பாருங்கள். அடுத்த டெலிவரியில் எடை போடச் சொல்லுங்கள்.

* ரப்பர் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். நிறுவனங்கள் தரும் சுரக்‌ஷா டியூபையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

* அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு 5 கிலோ எஃப்.டி.எல் சிலிண்டர் பற்றிச் சொல்லுங்கள். மாற்றி நிரப்பிய சிலிண்டர் வேண்டவே வேண்டாம்.

* 1906 என்ற எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

* மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ‘ஆர்.ஓ.யூ இருக்கிறதா?’ என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால், நீங்கள் விசாரிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.